ஓடையோரத்துச் செடி

பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று வந்தால்தான் சீதாலக்ஷ்மியைத் தருவேன் என்று ஆலுவாவில் அவள் அப்பா சொல்லிவிட்டார். ஆகவே 1984-இல் வெங்கிட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்காக மஞ்சள்காமாலையை ஒழிக்கக் கிளம்பினான்.

மட்டாஞ்சேரியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. ஈரலில் வைரஸ் புகுந்த நாற்பது பேர். இருபது பேருக்குக் கேப்ஸ்யூலில் கீழாநெல்லிப் பொடி. மற்ற இருபது பேருக்கு அதே நிறக் கேப்ஸ்யூலில் வெறும் பால்சர்க்கரை. யாருக்கு எது என்று கொடுப்பவனுக்கே தெரியக் கூடாது என்பது விதி. அடைத்தவனும் கொடுத்தவனும் வெங்கிட்டுதான் என்பதால், விதியைத் தூரத்திலிருந்து மதித்தான்.

பதினேழாம் நம்பர் இசக்கிமுத்து, ஹோட்டலில் புரோட்டா அடிப்பவன். அவனுக்குச் சர்க்கரை.

மூன்றாம் வாரம் அவன் பெண்டாட்டி பேச்சி வந்தாள். மிளகுக் கிடங்கில் புடைக்கிறவள். முந்தானையிலிருந்து ஒரு பிடிச் செடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். வேரில் ஈர மண்; இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள்.

“சாரே, அவருக்கு வயிறு பானை கணக்கா வீங்கிட்டு. கிடங்குக்குப் பின்னால ஓடைப் பக்கம் பூரா இதுதான். எங்க ஊர்ல காமாலைக்கு இத மோர்ல அரைச்சுக் குடுப்பாவ. குடுக்கட்டா?”

வெங்கிட்டு செடியைப் பார்த்தான். தன் தீசிஸை ஓடையோரத்தில் வளர்ந்த நிலையில் அவன் அப்போதுதான் பார்க்கிறான். பதினேழாம் நம்பர் இதைக் குடித்தால் கணக்கு கெடும். முதலிலிருந்து ஆரம்பி என்பார் கைடு. சீதாலக்ஷ்மிக்குப் பாலக்காட்டில் ஒரு பாங்க் மாப்பிள்ளை காத்திருக்கிறான்.

“விஷமாக்கும் இது,” என்றான். “பச்சையா உள்ளே போனா ஈரல் அழுகிடும், கேட்டியா? கேப்ஸ்யூல் மட்டும் குடு.”

“மத்தவியளுக்குக் கண்ணு வெளுத்திட்டே, சாரே?”

“ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி.”

“படிச்சவிய சொன்னா சரி.” செடியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பத்தாம் நாள் இசக்கிமுத்து செத்தான். வெங்கிட்டு மத்தியானச் சாப்பாடு வரை வருந்தினான். பிறகு சர்க்கரைப் பத்தியில் ‘மரணம்: 1’ என்று எழுதினான். அந்த ஒன்று அட்டவணைக்கு அப்படியொரு களையைக் கொடுத்தது. கைடு முதல்முறையாகக் கைகுலுக்கி, “இன்னும் நாற்பது பேருக்குச் செய்துவிடு,” என்றார்.

அதற்குச் செடி வேண்டும். வெங்கிட்டு சாக்கோடு கிடங்குக்குப் பின்னால் போனான். ஓடையோரம் கிளறிவிட்ட வெறும் மண்ணாகக் கிடந்தது.

பேச்சி முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். “வாங்க சாரே. நீங்க குடுத்தத ஒண்ணு விடாம குடுத்தேன். தித்திப்பா இருக்குன்னு கடிச்சே தின்னாரு.”

“இங்கே இருந்த செடியெல்லாம்?”

“வேரோட பிடுங்கிக் காயல்ல போட்டுட்டேன். பக்கத்து வீட்டு நாணு சேட்டனுக்கும் கண்ணு மஞ்சளிச்சிட்டு. அவரு பொண்டாட்டி இத அரைக்க உக்காந்துட்டா, சாரே! ஓடிப்போயி அம்மியவே மறிச்சிட்டேன்லா. விஷம்னு நீங்க சொன்னத இந்தச் சந்து பூரா சொல்லிட்டேன்.”

“நாணு எங்கே?”

“உங்ககிட்டதான் அனுப்பியிருக்கேன்.”

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் நாணு கைகூப்பி உட்கார்ந்திருந்தான். வெங்கிட்டு புதுப் பட்டியலில் அவன் பெயரை முதலில் எழுதினான். செடி கிடைக்கும்வரை சர்க்கரையிலிருந்து தொடங்குவது என்று தீர்மானித்திருந்தான்.