அமாவாசைக் கீரை

மாட்டுக்கு ஒரு நாள் முழுக்க எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஜக்கம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மாட்டு டாக்டராக இருபது வருஷம் இதே பாட்டைப் பாடி என் தொண்டைதான் தேய்ந்தது. நிறைந்த வயிற்றோடு மயக்க ஊசி போட்டால் வயிறு உப்பி நுரையீரலை அமுக்கும். தின்றது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும்.

"எதுவும் குடுக்கலையே?"

"சத்தியமா குடுக்கல சார். நேத்தெல்லாம் கத்திக்கிட்டே கெடந்துச்சு. பாவம்னு நானும் சாப்பிடல."

அவளுக்கு இருப்பது இந்த ஒரு மாடுதான். கொம்பில் புற்று. கொம்பை எடுக்காவிட்டால் மாடு தங்காது.

ஊசி போட்டதும் மாடு கால் மடங்கிச் சாய்ந்தது. கொம்படியில் மயிரை மழிக்கும்போதே இடது விலா எழும்பத் தொடங்கியது. மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. வாயோரம் பச்சை நுரை.

"தங்கபாண்டி, தலையத் தாழ்த்திப் பிடிய்யா!"

நானும் உதவியாளர் தங்கபாண்டியும் மாட்டைப் புரட்டி, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தினோம். மயக்கத்தை முறிக்கும் ஊசியைப் போட்டேன். வாய்க்குள் கைவிட்டு வழித்தால், அகத்திக்கீரை. காம்போடு, கொத்துக் கொத்தாக. ரப்பர் குழாயை இறக்கியதும் புஸ்ஸென்று காற்று வந்தது. மூச்சைத்தான் காணோம். விலாவை அமுக்கிக்கொண்டே இருந்தேன். செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் ஒரு நீண்ட மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சத்தியம் பண்ணுனியே ஆத்தா!"

"நான் குடுக்கலயே சார். இன்னைக்கு ஆடி அமாவாசை. மார்க்கையன்கோட்டையில ஓட்டிட்டு வர்ற வழியெல்லாம் வாசல்ல கீரையோட நின்னாக. செத்தவகளுக்குக் குடுக்குறத எப்படி வேணாம்னு சொல்றது? அதெல்லாம் தீவனமா?"

ஊரையே திட்டித் தீர்த்தேன். தேதி குறித்த என்னையும் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் அமாவாசை பார்க்கும் வழக்கமில்லை. கொம்பை அடுத்த வாரம்தான் எடுக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து.

தங்கபாண்டி மாட்டின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் சுருளி அருவியில் குளித்து, அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவர். தலை இன்னும் ஈரம்.

"சலீம் சார்," என்றார், நிமிராமல். "ஆஸ்பத்திரி கேட்டுல வச்சு நானும் ஒரு கட்டு குடுத்தேன்."

மாட்டைப் பட்டினி போடச் சொல்லி ஜக்கம்மாவுக்கு மறுபடி போன் போட்டு நினைவுபடுத்தியதே இந்த மனுஷர்தான். திட்ட வாயெடுத்தேன்.

அவர் கையில் கசங்கிய கீரை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வெளிய வந்துருச்சே சார். அப்பாவுக்குப் போய்ச் சேந்துருக்குமா?"

மாட்டின் விலாவில் கை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கியது.

"பாதி உள்ளதான் இருக்கு தங்கபாண்டி. சேந்துருக்கும்."