இந்த வாரம் என்ன புதுசு?

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற அலுவலகம் அது. வாராவாரம் எதையாவது மாற்றியாக வேண்டும். எழுதியது யாருக்காவது உதவுகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. "இந்த வாரம் என்ன புதுசு?" என்பதுதான் மேலாளர் வாயில் வருகிற ஒரே கேள்வி. போன வாரம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால், "அனுப்பு" பொத்தானை ஓரமாகத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் "ரத்து" பொத்தானை வைத்தார்கள். புதுசாம்! "நிச்சயமா?" என்று கேட்கிற பெட்டியை, நேரத்தைத் தின்கிறது என்று அதற்கு முன்பே பிடுங்கியாயிற்று.

மேலாளர் சொல்ல, மாற்றியவள் சின்னவள். அவளுடைய அக்கா அதே மையத்தில்தான் அழைப்புகளை எடுக்கிறாள். வருஷக்கணக்கில் பழகிய விரல். ஒரு வீட்டில் மாரடைப்பு என்று கதறினார்கள். அக்கா வழக்கமான இடத்தில் அழுத்தினாள். வண்டி ரத்தாகிவிட்டது. அவர்கள் மறுபடி கூப்பிட்டதால் அந்த மனிதர் பிழைத்தார். அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை போட்டார்கள்.

"நான் என்னடி தப்புப் பண்ணேன்?" என்று அக்கா கேட்டபோது சின்னவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

விசாரணைக்கு அனுப்ப மேலாளர் பதில் தயாரித்திருந்தார். "பயன்படுத்தியவரின் கவனக்குறைவு." சின்னவள் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டுமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது என் அக்கா சார். பொத்தானை மாத்தினது நாம. மாத்தச் சொல்லி அங்க யார் கேட்டா?"

"வருத்தம்தான்மா. அதுக்காக வேகத்தைக் குறைக்க முடியுமா? புதுசு வந்தா கத்துக்கணும். சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்."

"அப்ப நீங்க கண்டுபிடிங்க." சோதனைத் திரையைத் திறந்து மடிக்கணினியை அவர் முன்னால் தள்ளினாள். பிறகு கத்தினாள். "அப்பா விழுந்துட்டாரு சார்! மூச்சு வரல! வண்டி அனுப்புங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"கேக்குதா சார்? வண்டி கெளம்பிடுச்சா?"

அவர் அம்புக்குறியை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார். வேகம் வேகம் என்று எல்லோரையும் விரட்டுகிற மனுஷன் இந்தத் திரையை ஒரு நாளும் தொட்டதே இல்லை.

"இதுல... அனுப்புறது எங்கம்மா இருக்கு?"

சின்னவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, விசாரணைக்கு அவர் எழுதியிருந்த பதிலை அழித்தாள். "பொத்தானை மாற்றியது நான். மாற்றச் சொன்னவருக்கே அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை" என்று எழுதி, விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டாள்.