சௌதாமினி டீச்சரின் இடது கை

இரண்டாவது செட் பாதியில் இருக்கும்போது சௌதாமினி நடுவர் மேடையிலிருந்து மயங்கி விழுந்தாள். நல்லவேளை, கீழே நின்ற ஆட்டக்காரன் ஒருவன் தாங்கிப் பிடித்துக்கொண்டான். ஐம்பத்திரண்டு வயது, பள்ளியில் விளையாட்டு டீச்சர். வடகரைப் பக்கம் ஆண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு விசில் ஊதும் ஒரே பெண் அவள்தான்.

கோழிக்கோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாஹினா இ.சி.ஜி. காகிதத்தை விரித்துக் காட்டினாள்.

"நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு துடிப்புதான் டீச்சரே. இதயத்தோட மேலறையில உண்டாகற மின்சாரம் கீழறைக்குப் போய்ச் சேரல. மாத்திரையெல்லாம் சரிப்படாது. பேஸ்மேக்கர் வைக்கணும்."

"நெஞ்சைப் பிளப்பீங்களா?"

"அதெல்லாம் இல்ல. இடது காறை எலும்புக்குக் கீழ சின்னதா ஒரு கீறல். ரத்தக்குழாய் வழியா வயரை உள்ள விட்டு, கருவியைத் தோலுக்கடியில வச்சுத் தைச்சிடுவோம். நீங்க முழிச்சுட்டுதான் இருப்பீங்க."

அப்படியே நடந்தது. மரத்துப்போன இடத்தில் இழுப்பதும் அழுத்துவதும் மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள்: ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, பாரம் எடுக்கக் கூடாது, செல்போனை வலது காதில் வைத்துப் பேச வேண்டும்.

கணவன் பவித்ரன் அதில் 'கூடாது' என்பதை மட்டும் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் அவள் கையை மார்போடு சேர்த்துத் துண்டால் கட்டினான். மின்சாரம் கருவிக்கு ஆகாதென்று மிக்ஸியைப் பரணில் ஏற்றினான். தன் செல்போனைக் கொண்டுபோய் மாமரத்தில் தொங்கவிட்டான். சோற்றைக்கூட ஊட்டிவிட வந்தான்.

"பவித்ரேட்டா, எனக்கு வலது கை இருக்கு."

"சும்மா இருடி. வயர் கழண்டுட்டா நான் எங்க போய் நிப்பேன்?"

அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பத்து நாள் பொறுத்துக்கொண்டாள். பதினோராம் நாள் தலை வாரக் கையை அசைத்தபோது தோள் இறுகிப்போய் உயிர் போகிற மாதிரி வலித்தது. தையலைப் பார்க்கப் போனபோது டாக்டர் அந்தத் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இதை யார் கட்டச் சொன்னா?"

சௌதாமினி கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னோம். அசைக்கவே கூடாதுன்னா சொன்னோம்? இப்படிக் கட்டிப்போட்டா தோள் மூட்டு உறைஞ்சு போயிடும். தோளுக்குக் கீழ தாராளமா அசைக்கட்டும். மிக்ஸி, செல்போன் மாதிரி சாமானை மட்டும் நெஞ்சோட ஒட்டிப் பிடிக்காம இருந்தாப் போதும்."

"மறுபடி மேடை ஏறலாமா டாக்டர்?"

"ஆறு வாரம் முடியட்டும், கருவியைச் சோதிச்சுப் பார்த்துட்டு எழுதித் தரேன். இதயம் மெதுவானதாலதான் விழுந்தீங்க. இனி மெதுவானா கருவி தட்டிக் கொடுக்கும்."

அன்று சாயங்காலமே ஏணி போட்டு மிக்ஸியை இறக்கச் சொன்னாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோளைப் பழக்கினாள். ஏழாவது வாரம் டாக்டர் கொடுத்த சீட்டோடு வாலிபால் சங்கத்துக்குப் போனாள். செயலாளர் மூசக்குட்டி அதைப் படிக்காமலே மடித்து வைத்தார்.

"டீச்சரே, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஸ்கோர் மேசையில உக்காருங்க. மறுபடி ஏதாவது ஆச்சுன்னா ஜனங்க என்னையில்ல கேப்பாங்க?"

"போன வருஷம் நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சுக்கிட்டு வந்தீங்களே செயலாளரே, உங்களை யாராவது மேசைக்கு அனுப்பினாங்களா?"

"அது வேற விஷயம்..."

"என்ன வேற? மீசையா?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவள் பெயரை எழுதுவதைத் தவிர மூசக்குட்டிக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

மைதானம் நிறைந்திருந்தது. சௌதாமினி இரும்புப் படிகளில் ஏறி நின்றாள். முதல் இரண்டு செட்டும் சச்சரவில்லாமல் போயின. மூன்றாவதில் ஜ்வாலா கிளப் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழ, அவள் 'வெளியே' என்று கை காட்டினாள். கேப்டன் மேடையடிக்கு வந்தான். ஆறடி உயரம்.

"உள்ள விழுந்த பந்து டீச்சரே! உங்க மெஷின்ல சார்ஜ் தீர்ந்துபோச்சா?"

கூட்டம் சிரித்தது. பிறகு, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்க அடங்கியது. பவித்ரன் இருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான்.

அவள் விசிலை ஊதினாள். பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து, இடது கையில் பிடித்து, தலைக்கு மேலே எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள். தோள் சுரீரென்றது. கையை இறக்கவில்லை.

"எதிரணிக்கு ஒரு பாயின்ட். சர்வீஸும் அவங்களுக்கு. இன்னும் பேசணுமா மோனே?"

பின்னால் நின்ற அவன் அணிக்காரனே அவனைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஆட்டம் ஐந்தாவது செட் வரை போனது. கடைசி விசிலும் அவளுடையதுதான்.

இறங்கும்போது பவித்ரன் கீழே நின்று கை நீட்டினான். அவள் அதைப் பிடிக்காமல் தானே இறங்கி, அவனிடமிருந்து தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"வலிக்குதாடி?"

"வலிக்குது," என்றாள். "அடுத்த ஞாயிறும் ஆட்டம் இருக்கு."