ஏட்டு வைத்த கும்பிடு

பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து சிவனணைந்தபெருமாளை மட்டும் விட்டுவிட்டார்கள். கூடப் பிடிபட்ட தோழர்கள் உள்ளேயே கிடந்தார்கள். செங்கொடிக் கட்சிக்குத் தடை இருந்த நாற்பத்தொன்பதாம் வருஷம் அது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மூட்டை சுமக்க வந்து, தோணித் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி, ஊரில் கட்சிக்கும் தலைவரானவர். அவர் கையைத் தூக்கினால் ஒரு தோணி கரையைவிட்டு நகராது. இப்போது அவர் நுழைந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுபோகும்.

போதாததற்கு ஏட்டு வேறு. கடைத்தெருவில் சைக்கிளை நிறுத்தி, நாலு பேர் பார்க்கக் கும்பிட்டான். “அண்ணாச்சி சொகந்தானா? இன்ஸ்பெக்டர் ஐயா உங்களை ரொம்ப விசாரிச்சாவ.”

அந்த வாரமே, தலைமறைவாக இருந்த தோழர் செல்வதுரை புன்னைக்காயலில் பிடிபட்டான். தோணிக்கார அம்புரோஸ், பெருமாளின் வீட்டுக்கு வந்து, அவர் மனைவி செல்லக்கிளியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “மைனி, அண்ணன் போலீசுக்குக் கையெழுத்து ஏதும் போட்டுக் குடுத்துட்டு வந்தாவளா?”

“நாக்கு அழுகிரும்லே!” என்று விரட்டினாள். ஆனால் அவன் போனதும் புருஷனின் சட்டைப்பையைத் துழாவினாள். பீடித்தூள்தான் இருந்தது.

சோறு போடும்போது கேட்டேவிட்டாள். “உங்களை மட்டும் ஏன் விட்டாவ?”

அவர் கை இலையிலேயே நின்றது. “தெரியலையே.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் துறைமுக வாசலில், வேலைக்கு ஆள் கூடியிருந்த நேரம். ஏட்டு வந்து பெருமாளின் தோளில் கைபோட்டான். “நீங்க சொன்ன சேதி ரொம்ப உபயோகம், அண்ணாச்சி.”

தன்னை ஏன் விட்டார்கள், ஏட்டு ஏன் நாலு பேர் பார்க்கக் கும்பிட்டான் என்பது பெருமாளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஓங்கி ஒரு அறை விட்டார். தொப்பி மண்ணில் உருண்டது. போலீஸ்காரர்கள் நாலு பேர் அவரை அடித்து இழுத்துப்போனார்கள். வாயில் ரத்தம் வழிய அவர் சிரித்துக்கொண்டே போனார். அம்புரோஸ் மாரில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். தன் தாயைப் பார்க்கப் புன்னைக்காயல் கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில்தான், யாரும் காட்டிக்கொடுக்காமலே, செல்வதுரை மாட்டினான் என்பதும் பிறகு தெரியவந்தது.

ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனாள் செல்லக்கிளி.

“நம்ம ஆளுக இப்பம் பேசுதாவளா?” என்றார் அவர்.

“வீடு தேடி வந்து பேசுதாவ.”

“ஏளா, நீயும் என்னை நம்பலை, என்ன?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “நம்பலை.”

அவர் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். “எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. போன தடவை அடி தாங்காம, மயக்கத்துல எதையாவது உளறிட்டனோன்னு.”

செல்லக்கிளி கம்பிக்குள் விரலை விட்டு, வீங்கியிருந்த அவர் உதட்டைத் தொட்டாள்.