தொட்டி தேய்ப்பவரின் மனைவி

காட்டுக்குள் சோலார் பம்பு மாட்டிய மெக்கானிக்குக் கொஞ்ச நாளாகச் சோறே இறங்கவில்லை. உடன் யாருமில்லாமல் அவளே மாட்டிய முதல் பம்பு அது. "எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு பாக்கத்தானே போறோம்" என்று கம்பெனியில் நக்கலடித்தவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பம்பு ஒரு குறையும் வைக்கவில்லை. வெயில் ஏறியதும் பேனல் தன் வேலையைப் பார்த்தது, மிருகங்கள் குடிக்கக் கட்டிய தொட்டியும் நிரம்பி வழிந்தது. குடிக்கத்தான் ஒரு பிராணியும் எட்டிப் பார்க்கவில்லை.

ஓடை காய்ந்து மிருகங்களெல்லாம் தண்ணீருக்கு ஊருக்குள் வந்துகொண்டிருந்த நேரம். வன அதிகாரி மேடம் தொட்டிக்கு எதிரே மரத்தில், ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும் ஒரு கேமராவைக் கட்டினார். "வெள்ளிக்கிழமை வருவேன். அதுக்குள்ள ஒண்ணாவது வரலைன்னா பம்பைக் கழட்டி வேற பக்கம் கொண்டு போயிடுவோம். இங்க சும்மா ஓடி யாருக்கு என்ன லாபம்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கழற்றுகிற வேலையும் தன் தலையில்தான் விழும் என்று மெக்கானிக்குத் தெரியும்.

அந்தத் தொட்டிக்குக் காவல் அவள் கணவர். தங்கமான மனிதர், சந்தேகமே வேண்டாம். ஆனால் சுத்தம் என்று வந்துவிட்டால் அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அவள் கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடி கழுவுகிறவர் அவர். கல்யாணமான புதிதில் அவளுக்கு அதில் கோபம் வந்தது. இப்போது பழகிவிட்டது.

புதன்கிழமை, ஒயர் பார்க்கிற சாக்கில் போய்க் கேமராவின் கார்டைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தாள். கணவர் குனிந்து தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் பிளீச்சிங் பவுடர் தூவினார். அதற்கடுத்ததில் கேமராவின் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரினார். விடிகிற நேரத்திலும் அவர், வெயில் சாய்கிற நேரத்திலும் அவர். ஒரே ஒரு படத்தில் புதருக்குப் பின்னால் இரண்டு காதுகள் தெரிந்தன. அவள் ஆசையாக அடுத்த படத்தைத் தள்ளினாள். காதுகளைக் காணோம், வாளியோடு கணவர் நின்றிருந்தார்.

நேராகச் சொன்னால் மனிதர் நொந்துபோவார் என்று மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தே, உங்க பிள்ளையை ரெண்டு நாள் அங்க வெச்சுக்கணும். ஏன்னு கேக்காதீங்க."

"மொட்டை மாடித் தண்ணித் தொட்டி பாசி பிடிச்சுக் கிடக்குன்னு சொல்றேன். பறந்து வருவான் பாரு" என்றார் மாமியார். பெற்றவளுக்குத் தெரியாதா?

அவர் பறந்துதான் போனார். போகும்போது, "காலையும் சாயங்காலமும் நல்லா அழுத்தித் தேய்க்கணும், மூலையை விட்டுடாதே" என்று படித்துப் படித்துச் சொன்னார். "சரிங்க" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள் அவள். அவர் தலை மறைந்ததும் பவுடர் வாடை போகத் தொட்டியை அலசிவிட்டாள். இரண்டு கை மண்ணையும் சருகையும் உள்ளே போட்டாள். அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேடத்தோடு அவள் நடந்து போனாள். தொட்டி கண்ணில் பட்டதும் மேடம் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா, இவ்வளவு அசிங்கமா வெச்சிருக்கீங்க?" அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு குரல் அலறியது.

"ஐயையோ! தொட்டியா இது?"

கணவர்! அம்மா வீட்டு வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார், கையில் பிரஷ்ஷோடு. அவர் தொட்டியை நோக்கி ஓட, அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். தூரத்தில் புதர் அசைந்ததைப் பார்த்த மேடமும் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு காட்டுப்பன்றி வந்தது. பின்னாலேயே கோடு போட்ட குட்டிகள். முட்டி மோதி வயிறு முட்டக் குடித்தன. பிறகு தாய் தொட்டிக்குள் இறங்கி நிம்மதியாகப் புரண்டது. தண்ணீர் நொடியில் சேறானது. மெக்கானிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கணவர் அவள் கையை நசுக்கினார்.

"உள்ளயே ஒண்ணுக்குப் போகுது..." என்று முனகினார். அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

"கேமராவைப் பாக்கவே வேண்டாம். பம்பு இங்கயே இருக்கட்டும்" என்றார் மேடம் மெதுவாக.

பன்றிகள் போய், மேடமும் போன பிறகும் கணவர் எழுந்திருக்கவில்லை.

"நான் நிக்கறதாலதான் வரலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? உடம்பை நல்லாத் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்து நின்னிருப்பீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். "ரெண்டு தடவை சோப்புப் போட்டிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டார்.