பன்னிரண்டு வாளி மிளகாய்

நாலாயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து ரூபாய். பதுளை பஜாரில் விதையும் கன்றும் விற்கும் முஷ்ரிபாவுக்கு மாரிசாமி கொடுக்க வேண்டிய கடன் இது. பெரிய மனிதர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவாக இருக்கலாம். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பரா அறையில் குடியிருக்கிறவனுக்கு அதை நினைத்தால் தேத்தண்ணிகூடத் தொண்டைக்குள் இறங்காது.

கடன் வந்த விதம் இப்படித்தான். முழங்கால் பிடித்துக்கொண்டதில் மாரிசாமி தோட்ட வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தான். மனைவி தெய்வானைதான் விடிந்ததும் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அந்தியில் வருவாள். அவள் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்பது அவனுக்கு உறுத்தியது. வாசலில் வாளிகளை வைத்து மிளகாய் போட்டால் என்ன என்று யோசித்தான். முஷ்ரிபா கன்றும் மாட்டெருவும் தேங்காய்த் தும்புத்தூளும் கடனாகவே கொடுத்தாள். காய் விற்ற பிறகு சல்லி தந்தால் போதும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாரிசாமி மார்தட்டினான். "ஒன் சம்பளத்துல ஒத்தச் சல்லி தொடமாட்டேன் புள்ள. இந்த வாளியே கடனக் கட்டும்."

தெய்வானை சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இனிக் கடனுக்கு அவள் சம்பளத்தில் கை வைத்தால், உள்ள கொஞ்ச மரியாதையும் போய்விடும்.

முதல் தடவை எல்லாமே பாழாய்ப் போனது. பழைய பெயின்ட் வாளிகளின் அடியில் அவன் ஓட்டை போடவே இல்லை. லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் வருவதே அத்திபூத்தாற்போல. அதை ஒழுக விடுவானேன் என்பது அவன் கணக்கு. மலையில் தேயிலைக் கன்று நட்ட பழக்கத்தில் மண்ணையும் குதிகாலால் மிதித்து இறுக்கிவிட்டான். தண்ணீர் அடியில் தேங்கி, வேர் அழுகி, கன்றுகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகித் தலை சாய்ந்தன.

செத்த கன்று ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது முஷ்ரிபா ஏசவில்லை. ஆணியைச் சுட வைத்து வாளியின் அடியில் ஓட்டை போடச் சொன்னாள். செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் வடியும் என்றாள். மண் ஒரு பங்கு, மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. மிதிக்காமல் பொலபொலவென்று நிரப்ப வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். காலை வெயில் கட்டாயம் படவேண்டும். புதுக் கன்றும் கொடுத்தாள். கடன் இந்தத் தொகைக்கு ஏறியது அப்போதுதான்.

அவள் சொன்னபடியே செய்தான். சும்மா சொல்லக்கூடாது, பன்னிரண்டு செடியும் பச்சைப்பசேல் என்று நிமிர்ந்தன. லயத்துப் பெண்கள் பீலிக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்கள். ஆனால் பூ? அதைக் கண்ணிலேயே காணோம். நுனியைப் பார்த்தால் நுனியையும் காணோம். யாரோ கிள்ளிப் போட்டதுபோல உச்சி மொட்டையாக இருந்தது.

பக்கத்துக் காம்பரா புவனேந்திரனின் ஆட்டின் மேல் சந்தேகம் விழுந்தது. மாரிசாமி சண்டைக்குப் போனான். புவனேந்திரன் ஆட்டை அன்றே கட்டிப்போட்டான். அப்புறமும் நுனி போனது. குருவியாக இருக்குமோ என்று தான் உடுத்திய பழைய சாரத்தைக் கிழித்துக் கொடிபோலக் கட்டினான். அப்படியும் போனது. காலையிலிருந்து முக்காலி போட்டு வாசலிலேயே காவல் இருந்தான். தெய்வானை வருகிற நேரத்தில் மட்டும் உள்ளே போய் அவளுக்காகத் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைப்பான். திரும்பி வந்து பார்த்தால் நுனி இருக்காது.

காய் எப்போது வரும் என்று முஷ்ரிபா போனில் கேட்டாள். தன்மையாகத்தான் கேட்டாள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தான் ஏமாற்றவில்லை என்று காட்ட, மறுநாள் ஒரு வாளியைச் செடியோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். அதுக்கும் ஒரு அரை டிக்கட் போடவா என்று கண்டக்டர் கேட்டதில் பஸ்ஸே சிரித்தது.

முஷ்ரிபா செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உச்சியில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். மேசைப் பலகைபோல மட்டமாக இருந்தது. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"மாரிசாமியண்ணே, ஆடு கடிச்சா பிச்சுப் போட்டு ஈக்கும். இது வெரலால கிள்ளி ஈக்கி. தேயிலயில எடுக்கிற ரெண்டு எலயும் மொட்டும் அளவு பாத்த மாதிரி. ஒங்கட ஊட்டுல கொழுந்து எடுக்கிற ஆள் யாரு?"

மாரிசாமி செடியின் உச்சியைத் தானும் தடவிப் பார்த்தான். செடியில் ஒரு குறையும் இல்லை என்றாள் அவள். கிள்ளக் கிள்ளக் கிளை வெடிக்கும். கிள்ளுவதை விட்டால்தான் பூ வரும்.

அன்று அந்தியில் அவன் கேத்தல் வைக்கப் போகவில்லை. வாசலில் நின்றான். தெய்வானை வந்ததும் விஷயத்தைக் கேட்டான். அவளுக்கு வந்ததே கோபம்.

"எனக்கு வேற வேல இல்லயா? நாள் பூரா மலயில நின்னுட்டு வந்து ஒங்க கொச்சிக்காயயும் கிள்ளிக்கிட்டு நிப்பேனா? ஒங்க கடன் தீர்றத நான் ஏன் கெடுக்கப் போறேன்?"

சொல்லிக்கொண்டே வாளிகளின் ஓரமாக நடந்தாள். வாய் பேசப் பேச வலது கை தன்பாட்டில் நீண்டது. முதல் வாளியில் டக். இரண்டாவதில் டக். கிள்ளிய நுனிகள் தோளுக்கு மேலாகப் பின்னால் பறந்தன, முதுகில் கூடை இருப்பதுபோல. அவள் பின்னால், மாரிசாமி திரும்பியே பார்க்காத சுவரோரத்தில் பழைய நுனிகள் காய்ந்து குப்பையாகக் கிடந்தன.

"புள்ள, ஒன் கையப் பாரு" என்றான் மாரிசாமி.

அவள் பார்த்தாள். மூன்றாவது வாளியின் மேல் கை அப்படியே நின்றது. பிறகு தெய்வானை வாசற்படியில் உட்கார்ந்து, வயிறு வலிக்கிறவரைக்கும் சிரித்தாள். அவனும் உட்கார்ந்தான்.

கையைக் கட்டிப்போடுவதா, கொல்லைப்புறமாக வந்துபோகச் சொல்வதா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கிள்ளக் கிள்ள வளர்ற செடியாப் பாத்து வாசல்ல வைங்க. இந்தக் கை இனிமே திருந்தாது."

முஷ்ரிபாவுக்கு போன் போட்டான். புதினா, என்றாள் அவள் யோசிக்காமலே. அவள் தம்பி ஷாமில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். பிரியாணிக்கும் சம்பலுக்கும் எவ்வளவு கொடுத்தாலும் எடுப்பானாம். மாரிசாமி மிளகாய் வாளிகளை எல்லாம் வெயில் விழும் பின்சுவருக்கு மாற்றினான். ஒரு கட்டுப் புதினாத் தண்டு வாங்கிவந்து, அகலமான தகர டப்பாக்களில் நட்டு, வாசலில் வரிசையாக வைத்தான்.

வேர் பிடித்ததும் தெய்வானையின் கை வேலையைத் தொடங்கியது. அவள் கிள்ளியதும் ஒரு நுனி இரண்டு கிளையாக வெடித்தது. பின்னால் தோளுக்கு மேல் பறந்ததை எல்லாம் மாரிசாமி கூடை பிடித்து வாங்கிக்கொண்டான். புவனேந்திரன் ஆட்டையும் கூட்டிக்கொண்டு அதை வேடிக்கை பார்க்க வந்தான். வாராவாரம் புதினாக் கட்டுகள் பஸ் ஏறின. ஷாமில் கொடுத்த பணம் அப்படியே கடன் கணக்கில் அக்கா முஷ்ரிபாவின் கைக்குப் போனது. பின்சுவரில் மிளகாய்களும் சும்மா இருக்கவில்லை. கிள்ளுப்பட்டுக் கிளை வெடித்த செடிகள் ஆயிற்றே, கிளைக்குக் கிளை பூத்துக் காய்த்துத் தொங்கின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிசாமி தெய்வானையையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனான். மிளகாய்ப் பையை முஷ்ரிபாவின் தராசில் வைத்தான். அவள் நிறுத்து, விலையை மனதுக்குள் போட்டு, ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இது ஒங்களுக்கு மிச்சம். கடன் முடிஞ்சி."

மாரிசாமி தாளை வாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தங்கச்சி. இவளுக்குக் காது மந்தம்."

தெய்வானை அவன் விலாவில் இடித்தாள். முஷ்ரிபா பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்தி, மாரிசாமியண்ணன் சல்லிக்காசு பாக்கி இல்லாமல் கட்டி முடித்துவிட்டார் என்று சொன்னாள்.