கறுப்புக் கரை

தில்லைநாயகமும் பார்வதியம்மாளும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் விஜயஸ்ரீயின் கல்யாண அழைப்பிதழ் இண்டர்நெட்டில் ஏறப் போகிறது. மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் அமெரிக்காவில். பாளையங்கோட்டையில் அச்சகமும் அதன் மாடியில் கம்ப்யூட்டர் சென்டரும் வைத்திருந்த தேவமணி, ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்.

சென்டரில் வேலை பார்க்கும் சுகிர்தா, அச்சகத்துக்கு வரும் எல்லா அறிவிப்புகளையும் போடும் பக்கத்தைத் திறந்தாள். பெயர்கள் வந்தன, முகூர்த்த நேரம் வந்தது, சுற்றிலும் மஞ்சள் கரை வந்தது. பார்வதியம்மாளின் முகம் மலர்ந்தது. அதற்கடியில் தூத்துக்குடியில் காலமான ஒருவருடைய நினைவு அறிவிப்பு மெல்ல இறங்கியது. அது இறங்கி நின்றதுமே மேலே இருந்த மஞ்சள் கரை கறுத்துப் போனது.

தில்லைநாயகம் எழுந்துவிட்டார்.

"என்ன வே இது? எம் மக கல்யாணத்துக்குக் கருமாதிக் கரையா போட்டிருக்கீரு?"

"மிஷின் கோளாறு அண்ணாச்சி. பைய இருங்க, ஒரு காப்பி..."

"காப்பி வீட்டுலயே இருக்கு. முதல்ல அதை எடுத்துப் போடும். எங்களுக்குக் கார்டு போதும்."

தேவமணி அவர்களைச் சமாதானப்படுத்திக் கீழே அழைத்துப் போனார். போகும்போது வாசலில் நின்று சுகிர்தாவைத் திரும்பிப் பார்த்தார். "இந்த நெட்டு வேலையே நமக்கு வேண்டாம்மா. நாளையில இருந்து டைப்பிங் கிளாஸப் பாரு."

டைப்பிங் கிளாஸ் எடுக்கப் போவதென்றால், முக்கூடலிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து இவ்வளவும் படித்ததற்கு அர்த்தமே இல்லை. முன்பெல்லாம் ஒவ்வோர் அறிவிப்புக்கும் நிறத்தையும் எழுத்தையும் கையால் எழுத வேண்டும். பக்கத்தின் தோற்றத்தையெல்லாம் ஸ்டைல் ஷீட் என்ற ஒரே இடத்தில் விதிகளாக எழுதலாம் என்பதையும், புரோகிராமே அதற்குள் நுழைந்து ஒரு விதியைச் சேர்க்க முடியும் என்பதையும் ஒரு பழைய பத்திரிகையில் படித்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே ஒரு வரி, பக்கம் முழுக்க உடை மாற்றிக்கொண்டுவிடும். தூரதேசத்துக் கதை ஒன்றில் பனி பெய்து வெள்ளையாய் விடிந்த ஊரைப் போல இருந்தது அது.

இப்போது உடை மாறத்தான் செய்தது. தவறான ஆளுக்கு மாறிவிட்டது.

விதிகளை மேலிருந்து கீழாகப் படித்தாள். எல்லாப் பெட்டிகளுக்கும் 'அறிவிப்பு' என்று ஒரே பெயர்தான் வைத்திருந்தாள். அறிவிப்புக்குக் கரை மஞ்சள் என்றது முதல் விதி. நினைவு அறிவிப்பு வந்தால் அறிவிப்புக்குக் கரை கறுப்பு என்று புரோகிராம் கடைசியில் ஒரு விதியைச் சேர்த்தது. கடைசியாக வந்த விதிதான் ஜெயிக்கும். பேர் ஒன்றுதான் என்பதால் கல்யாணமும் அதற்குள் மாட்டிக்கொண்டது.

இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? கீழே அச்சகத்தில் கல்யாண வேலையையும் துக்க வேலையையும் ஒரே மேசையில் வைப்பதில்லை. வழக்கம். அவளும் அப்படியே கல்யாணத்தைத் தனியாக, துக்கத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்திருந்தாள். இரண்டும் ஒரு திரையில் சந்தித்ததே இன்றுதான்.

கல்யாணப் பெட்டிக்கு ஒரு பெயர், நினைவுப் பெட்டிக்கு வேறு பெயர் வைத்தாள். கறுப்பு விதி நினைவுப் பெட்டியை மட்டும் தொடும்படி வரியை மாற்றினாள். பிறகு இரண்டையும் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல் கீழாக மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டினாள். மஞ்சள் அசையவில்லை. மாடிப்படியில் இறங்கிக் கீழே போனாள். தில்லைநாயகமும் பார்வதியம்மாளும் இன்னும் அச்சகத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், மறுபடி ஒருக்கா வந்து பாருங்க."

"துக்கத்தை வேற பக்கத்துல வச்சிட்டியா?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

"இல்ல சார். ரெண்டும் ஒரே பக்கத்துலதான் இருக்கு."

தேவமணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எடுத்தா என்ன? நல்ல காரியத்துக்குப் பக்கத்துல அது எதுக்கு?" என்றார் தில்லைநாயகம்.

"தனித்தனியா வச்சுப் பாத்ததாலதான் சார் தப்பு எனக்குத் தெரியாமப் போச்சு. இன்னும் ஒளிச்சு வச்சா, அடுத்த தப்பும் அமெரிக்காவுல போயித்தான் தெரியும். இங்கன, உங்க கண்ணு முன்னாலயே தெரியட்டும்."

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பார்வதியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, பாத்துட்டுப் போவோம். படி ஏறவா வலிக்கி?"

மாடியில் சுகிர்தா மவுஸைப் பார்வதியம்மாள் பக்கமாக நகர்த்தினாள். நினைவு அறிவிப்பைச் சேர்க்கும் பொத்தான் திரையில் இருந்தது.

"நானா? எங்கன அமுக்கணும்?"

"இங்கன அம்மா."

"நீ அமுக்காத, பாரு," என்றார் தில்லைநாயகம்.

அவள் அமுக்கிவிட்டாள். அறிவிப்பு கீழே வந்தது, அதைச் சுற்றிக் கறுப்புக் கரை விழுந்தது. மேலே மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பார்வதியம்மாள் இன்னொரு தடவை அமுக்கினாள். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

தில்லைநாயகம் திரைக்கு வெகு அருகில் குனிந்தார். மகள் பெயரை ஒருமுறை வாய்க்குள் படித்துக்கொண்டார்.

"சரி, அனுப்பும் வே," என்றார் தேவமணியிடம். "இந்தப் பிள்ளையவே அனுப்பச் சொல்லும்."

அவர்கள் இறங்கிப் போனதும் தேவமணி தொண்டையைச் செருமினார். "டைப்பிங் கிளாஸ் பிள்ளைக வந்து உக்காந்திருக்குவம்மா..."

"அதுக்கு வேற ஆளப் பாருங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு, சுகிர்தா பக்கத்தை ஏற்றுவதற்காகப் போன் லைனை மோடத்தில் செருகினாள்.